கட்டியக்காரன் யார் பக்கம்?

(நம் முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே தரப்பட்டுள்ளது.)



செயலாளர் என்னை அழைத்தபோது, "இருபது நிமிஷம் பேசுங்க சார். கொஞ்சம் சிரிப்பும் இருக்கட்டும்" என்றார். சிரிப்பு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டால் எனக்கு வராது. அதனால் சிரிப்பைப் பற்றியே பேசிவிடலாம் என்று முடிவு செய்தேன். தலைப்பும் என்னுடையது அல்ல. நம் மாணவர் கலைமன்றத்துப் பிள்ளைகள் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் கேட்ட கேள்விதான் இது. "ஐயா, மேடையில ஏழை வேஷம் போட்டு, ஏழை பாஷை பேசிச் சிரிக்க வைக்கலாமா? பாதிப் பேர் கைதட்டறாங்க. பாதிப் பேர் மூஞ்சியத் திருப்பிக்கறாங்க. யார் சரி?"

கேள்வி சின்னது. ஆனால் எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. நான் பிள்ளையார்பாளையத்தில் ஒரு கோர்வைத் தறி வீட்டில் பிறந்தவன். இந்தக் கல்லூரியில் தமிழ் படித்து, முப்பது ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஏழை பாஷை என்று அவர்கள் சொன்னது என் வீட்டு பாஷை. ஆகவே இதில் எனக்கு நடுநிலை கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதற்கெல்லாம் இப்போது ஸ்டாண்ட்-அப் காமெடி என்று பெயர். ஒருவர் தனியாக மைக் முன்னால் நின்று, தன்னை ஒரு ஆளாகக் காட்டிக்கொண்டு, ஊரைப் பற்றிப் பேசிச் சிரிக்கவைப்பது. பிள்ளைகள் இதை அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு என்று நினைக்கிறார்கள். நம் காஞ்சிபுரத்துக்கு இது மிகப் பழைய சரக்கு. அதைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

மன்னர் சிரித்த சிரிப்பு

காஞ்சியைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நகைச்சுவை நாடகத்தை எழுதியவர் ஒரு அரசர். ஏழாம் நூற்றாண்டில் இந்த ஊரிலிருந்து ஆண்ட பல்லவர் மகேந்திரவர்மர். நூலின் பெயர் மத்தவிலாசப் பிரகசனம். கதை நடப்பது இதே ஊர்த் தெருக்களில். குடித்துவிட்டுத் திரிகிற ஒரு காபாலிகர், பிச்சை வாங்கும் மண்டை ஓட்டைத் தொலைத்துவிடுகிறார். எதிரே வந்த பௌத்தத் துறவிதான் எடுத்தார் என்று சண்டை பிடிக்கிறார். ஒரு பாசுபதர் பஞ்சாயத்துக்கு வருகிறார். கடைசியில் பார்த்தால் அதைக் கவ்விக்கொண்டு போனது ஒரு நாய். நாயிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வருபவர் ஒரு பைத்தியக்காரர்.

அருமையான நாடகம். கேரளத்தில் கூடியாட்டக் கலைஞர்கள் அதை இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எழுதியவர் அரண்மனையில் இருக்கிறார். அடி வாங்குகிறவர்கள் எல்லாரும் பிச்சைப் பாத்திரம் ஏந்துகிறவர்கள். மன்னரைக் கேலி செய்ய அந்த நாடகத்தில் ஆள் இல்லை. மேலே இருந்து கீழே பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது. சாமியார்களின் வேஷத்தைத் தோலுரிக்கிறார் என்பதால் நமக்கு அது தப்பாகத் தெரிவதில்லை. சரி, இருக்கட்டும். இந்த ஒரு எடுத்துக்காட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்காரன் சிரித்த சிரிப்பு

இப்போது ஊருக்கு வெளியே வாருங்கள். பஸ் ஏறி நாலு பக்கமும் எங்கே இறங்கினாலும் கூத்துள்ள ஊர்தான். திரௌபதி அம்மன் கோயில் திருவிழா வந்தால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, அர்ச்சுனன் தபசு மரம், கடைசி நாள் துரியோதனன் படுகளம். நம்மில் பாதிப் பேர் அந்தக் களத்து மண்ணில் படுத்துத் தூங்கி எழுந்தவர்கள்தானே?

அந்தக் கூத்தில் முதலில் திரையை விலக்கிக்கொண்டு வருவது யார்? தர்மரும் அல்ல, துரியோதனரும் அல்ல. கட்டியக்காரன். கட்டியம் என்றால் ராஜா வருகிறார் பராக் என்று புகழ் சொல்லி அறிவிப்பது. கோயிலில் சாமி புறப்பாட்டில் கட்டியம் கூறுவதைக் கேட்டிருப்பீர்கள். அதே வேலைதான். ஆகவே இவன் யார்? ராஜாவிடம் சம்பளத்துக்கு இருக்கும் ஆள்.

ராஜா வேஷம் கட்டினவருக்குக் கிரீடம், புஜகீர்த்தி, மார்ப்பதக்கம் என்று மரத்தில் செதுக்கிக் கண்ணாடி பதித்த கட்டைகள் உண்டு. கட்டியக்காரனுக்கு அதெல்லாம் கிடையாது. ராஜா விருத்தமும் தருவுமாகப் பாடுவார். கட்டியக்காரன், "இன்னா ராஜா, வந்துகினே கீறியா?" என்று நம்ம பாஷையில் கேட்பான். ராஜா அஸ்தினாபுரத்தில் இருப்பார். கட்டியக்காரன் நம்ம ஊரில் இருப்பான். ஏரியில் தண்ணீர் வராதது, ரேஷனில் பருப்பு போடாதது, முன்வரிசைப் பெரியவர் குறட்டை விடுவது எல்லாம் அவன் வாயில் வரும். அதே ஆள் அடுத்த காட்சியில் தூதுவனாக வருவான், கிழவியாக வருவான், புரோகிதராக வருவான்.

பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை நடக்கிற கூத்தில் இவன் செய்யும் முக்கியமான வேலை இதுதான்: ராஜா சொல்வதை நமக்குச் சொல்வது, நாம் சொல்ல நினைப்பதை ராஜாவிடம் சொல்வது. சபையில் திரௌபதியின் துகிலை உரிகிற காட்சியில் பெரியவர்கள் எல்லாரும் வாய் மூடி உட்கார்ந்திருப்பார்கள் அல்லவா? அந்த இடத்தில்கூட அவன் குரல் கேட்கும். அவன் ராஜாவின் ஆள். ஆனால் பேசுவது நம் பாஷை. அவன் யார் பக்கம் என்று அந்த இரவு முழுக்க நமக்குச் சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும். அந்தச் சந்தேகம்தான் அவனுடைய பிழைப்பு.

தமிழ் இலக்கிய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. சீவக சிந்தாமணியில் ஒரு கட்டியங்காரன் வருவான். அவன் அமைச்சன். நம்பி ஆட்சியை ஒப்படைத்த சச்சந்தனைக் கொன்று அரியணையில் ஏறினான். பெயரில் ஒரு எழுத்துதான் வித்தியாசம். கூத்துக் கட்டியக்காரன் யாரையும் கொல்வதில்லை. விடிகிற வரைக்கும் ராஜாவைக் கொஞ்சம் கீழே இறக்கி நம் பக்கத்தில் உட்கார வைப்பான், அவ்வளவுதான். விடிந்ததும் ராஜா வேஷம் கட்டினவரும் அவனும் ஒன்றாக டீ குடித்துவிட்டு, மறுநாள் வயல் வேலைக்கோ கூலி வேலைக்கோ போவார்கள்.

அந்தக் களத்திலும் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். யார் பாயில், யார் நாற்காலியில், யார் தூரத்தில் நிற்பது என்பதெல்லாம் ஒரு காலத்தில் கறாராக இருந்தது. ஒரே ஜோக்குக்கு நாற்காலி ஒரு மாதிரி சிரிக்கும், தூரத்து வரிசை வேறு மாதிரி சிரிக்கும். நல்ல கட்டியக்காரனுக்கு இருட்டில் எந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

இன்னொரு விஷயம். இந்தக் கலைக்கு என்ன பெயர் என்பதிலேயே மரியாதைப் பிரச்சினை வந்தது. ஊரெல்லாம் தெருக்கூத்து என்கிறோம். "தெருக்கூத்துன்னு சொன்னா எங்களத் தெருவுல போறவன்னு நெனைக்கறாங்க" என்று கலைஞர்களிலேயே பலருக்கு வருத்தம். தாங்கள் அணியும் கட்டைகளை வைத்துக் கட்டைக்கூத்து என்று சொல்லுங்கள் என்றார்கள். பெருங்கட்டூர் இராஜகோபால் அவர்களும் சக கலைஞர்களும் 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கியது இதே காஞ்சிபுரத்தில். 2002-இல் தொடங்கி 2020 வரை நடந்த குருகுலத்தில் படிப்போடு கூத்தும் சொல்லிக் கொடுத்தார்கள். பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். தெருக்கூத்து என்ற பெயரில் குறைவு ஒன்றுமில்லை, தெரு மக்களுடையது என்று வாதாடுகிறவர்களும் உண்டு. புரிசை கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையை உலகம் அந்தப் பெயரில்தான் அறியும். இரண்டு பேரும் ஒரே மண். ஒருவருக்குப் பெருமையாகப் படும் சொல் இன்னொருவருக்குக் குத்துகிறது. இதையும் மனதில் வையுங்கள்.

கலைவாணரும் காஞ்சிபுரமும்

அடுத்து, தனி ஆளாக நின்று சிரிக்கவைத்த நம் காலத்துப் பெரியவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். நாடகக் கொட்டகையில் சோடா விற்ற பையன். பிறகு டி.கே.எஸ். சகோதரர்கள் குழு, வில்லுப்பாட்டு, சினிமா.

அவர் செய்த பெரிய காரியம் கிந்தனார் கதாகாலட்சேபம். உடுமலை நாராயண கவி எழுதியது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் நம் எல்லாருக்கும் தெரியும். நந்தனார் சிதம்பரம் போக ஏங்கினார். கிந்தனாரோ ரயிலேறிப் பட்டணம் போய்ப் படிக்க ஏங்குகிறார். படித்து அதிகாரியாகத் திரும்பி வருகிறார். அண்ணா கதை வசனம் எழுதி 1949-இல் வந்த நல்லதம்பி படத்தில் இந்தக் காலட்சேபம் இடம்பெற்றது.

வேஷத்தைக் கவனியுங்கள். கலைவாணர் ஏழை வேஷம் போடவில்லை. பாகவதர் வேஷம் போட்டார். சோடா விற்ற பையன், படித்த மேல்தட்டுக்காரர்கள் பயபக்தியோடு கேட்ட ஒரு வடிவத்தை எடுத்து, அதே இழுப்பு, அதே பின்பாட்டோடு ஒரு சேரிப் பையன் பள்ளிக்கூடம் போன கதையைச் சொன்னார். காலட்சேபம் கேட்டுப் பழகினவர்களுக்கு அந்த நையாண்டி நுணுக்கம் புரியும். கேட்டே பழகாதவர்களுக்கு அந்தப் பையன் ரயிலேறுவது புரியும். வடிவத்தைப் பார்த்து ஒரு பாதி சிரிக்கலாம், விஷயத்தைக் கேட்டு மறுபாதி நெகிழலாம். ஆனால் யாரும் கிந்தனாரைப் பார்த்துச் சிரிக்க வழியில்லாமல் கட்டிவிட்டார். அதுதான் தொழில்.

இவருக்கும் நம் ஊருக்கும் ஒரு கதை உண்டு. பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1957 சட்டமன்றத் தேர்தல். நம் ஊர் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா இங்கே நிற்கிறார். எதிர்த்து நின்றவர் ஊரில் நல்ல பெயர் எடுத்த ஒரு டாக்டர். கலைவாணர் பிரசாரத்துக்கு வந்தாராம். மேடை ஏறி டாக்டரைப் புகழ்ந்தாராம். கைராசிக்காரர், நல்லவர், இரவு பகல் பார்க்காமல் வைத்தியம் பார்ப்பவர் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில், இப்பேர்ப்பட்ட டாக்டரைச் சென்னைச் சட்டசபைக்கு அனுப்பிவிட்டால் நம்மை யார் பார்ப்பது, அவர் இங்கேயே இருக்கட்டும், அண்ணாவை அங்கே அனுப்பிவிடுங்கள் என்றாராம்! அண்ணா அந்தத் தேர்தலில் வென்றார். கலைவாணர் அதே ஆண்டு ஆகஸ்டில் மறைந்தார்.

சொல்லச் சொல்ல இந்தக் கதையில் கொஞ்சம் பூச்சு ஏறியிருக்கலாம். ஆனால் ஊர் இதை ஏன் மறக்கவில்லை? டாக்டர் பக்கம் நின்றவர்களும் சிரிக்க முடிந்தது என்பதால்தான். இரண்டாகப் பிரிந்த ஊரில் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் சிரித்தது. யாரும் தலை குனிந்து வீட்டுக்குப் போகவில்லை.

இரவல் பாஷை

இப்போது கொஞ்சம் சிக்கலான இடத்துக்கு வருகிறேன். தன்னுடையது அல்லாத வேஷம்.

ஜே.பி. சந்திரபாபு தூத்துக்குடிக்காரர். மேனாட்டுச் சங்கீதத்தில் ஊறியவர், யோடலிங் என்கிற குரல் வித்தையைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்தவர். அவர் சபாஷ் மீனா (1958) படத்தில் இரட்டை வேடத்தில் வந்தார். அதில் ஒன்று மெட்ராஸ் பாஷை பேசும் ரிக்‌ஷாக்காரர். சோ ராமசாமி வக்கீலுக்குப் படித்தவர். பார் மகளே பார் (1963) படத்தில் மெட்ராஸ் பாஷை பேசும் மெக்கானிக்காகத்தான் சினிமாவுக்குள் வந்தார். இருவருமே பெரிய கலைஞர்கள். மெட்ராஸ் பாஷையைத் தமிழ்நாடு முழுக்க ரசிக்க வைத்தவர்களில் முக்கியமானவர்கள்.

ஆனால் அந்த பாஷையை வீட்டில் பேசுகிற ஒரு பையன், அதே வாரம் ஒரு கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய் அதே பாஷையில் வாயைத் திறந்தால் என்ன ஆகும்? வேலை கிடைக்காது. மேடையில் கைதட்டல் வாங்கிய பாஷை, தேர்வு அறையில் அவனுக்குக் குழி பறிக்கும். பேசிக் காட்டிவிட்டுக் கழற்றி வைக்கிறவருக்கு அது வேஷம். கழற்ற முடியாதவனுக்கு அது வாய். சிலர் சிரிப்பதும் சிலர் முறைப்பதும் இந்த இடத்தில்தான் பிரிகிறது.

இது நம்மிடம் மட்டும் உள்ள சங்கடம் அல்ல. அமெரிக்காவில் டேனியல் விட்னி என்று ஒருவர். மேடையில் அவர் பெயர் லாரி தி கேபிள் கை. அதாவது வீடு வீடாகக் கேபிள் லைன் போடுகிற லாரி. கை வெட்டின சட்டை, தொப்பி, தென்மாநிலத்து நாட்டுப்புற உச்சரிப்பு. ஆள் பிறந்ததோ தெற்கில் இல்லை, நெப்ராஸ்காவில். 2005-இல் டேவிட் கிராஸ் என்ற இன்னொரு நகைச்சுவையாளர் அவரைத் தாக்கிப் பகிரங்கக் கடிதமே எழுதினார். அறியாமையைப் பெருமையாகக் காட்டிக் காசு பார்க்கிறார் என்கிற மாதிரி குற்றச்சாட்டு. லாரியின் ரசிகர்களோ, படித்தவர்கள் எங்களை மட்டம் தட்டுகிறார்கள், இவர் எங்கள் ஆள் என்றார்கள். யோசித்துப் பாருங்கள். வேஷம் இரவல் என்று தெரிந்தும் அந்த மக்கள் அவரைத் தங்கள் ஆளாக ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே பிறப்புச் சான்றிதழை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது.

அதே 2005-இல் இன்னொன்று நடந்தது. டேவ் சப்பெல் என்ற கறுப்பின நகைச்சுவையாளர், ஐந்து கோடி டாலர் ஒப்பந்தத்தில் இருந்த தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டுத் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டார். கறுப்பர்களைப் பற்றிய வழக்கமான கேலிகளையே கேலி செய்கிற ஒரு காட்சியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். படப்பிடிப்புக் குழுவில் ஒரு வெள்ளைக்காரர் சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு தன்னைச் சுட்டது என்று சப்பெல் பிற்பாடு சொன்னார். இவர் தன்னுடைய மக்களைப் பற்றித்தான் பேசினார். வேஷம் இரவல் இல்லை. ஆனாலும் சிரித்தவர் எதைப் பார்த்துச் சிரித்தார் என்ற கேள்வி அவரை விடவில்லை.

நம் கல்லூரி மேடையில் நடந்தது

இனி மாணவர்கள் கொண்டுவந்த விவகாரத்துக்கு வருகிறேன். பெயர்கள் வேண்டாம். இரண்டு பக்கமும் என்னிடம் பேசினார்கள். சொல்ல அனுமதியும் தந்தார்கள்.

போன கலை விழாவில் ஒரு மாணவர் தனி ஆளாகப் பத்து நிமிடம் நிகழ்ச்சி செய்தார். கைலி, பனியன், தோளில் துண்டு. பட்டு நெசவாளி வேஷம். முதல் பாதியில் அந்த நெசவாளி ஒரு கல்யாணத்துக்குப் போகிறார். அவர் பெண் மாப்பிள்ளை முகத்தைப் பார்ப்பதே இல்லை. புடவைகளையே பார்க்கிறார். "இது கோர்வை இல்ல. இது விசைத்தறி. அந்தம்மா கட்டிகினு இருக்கறது நம்ம தெருத் தறி, பெட்னியப் பாத்தாலே தெரியுது. இந்த ஜரிகை டூப்ளிகேட்டு, வெளிய சொல்லாதே, சம்பந்தி சண்டை வந்துடும்." அரங்கமே சிரித்தது. அதிலும் பின்வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. ஏன்? எங்கள் வீடுகளில் எல்லா அப்பாவும் அப்படித்தான். என் அப்பாவும் அப்படித்தான். கல்யாண வீட்டில் அவரைப் பிடித்து உட்கார வைப்பதே எங்களுக்கு ஒரு வேலை.

இரண்டாம் பாதியில் அதே நெசவாளி, முதலாளி வீட்டுக்கு முன்பணம் கேட்கப் போகிறார். துண்டை இடுப்பில் கட்டுகிறார். செருப்பைத் தெருவிலேயே விடுகிறார். குரல் கீச்சென்று ஆகிறது. முதலாளி "இன்னும் பழைய பாக்கியே நிக்குதே" என்றதும் கும்பிட்டபடியே பின்னால் நடந்து படியில் இடறுகிறார். முன்வரிசை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. பின்வரிசை அமைதியாகிவிட்டது. ஒரு மாணவி எழுந்து வெளியே போய்விட்டார். அவர் வீட்டிலும் தறி உண்டு.

மறுநாளிலிருந்து வகுப்பே இரண்டாகிவிட்டது. இனி இப்படி வேஷமே போடக்கூடாது என்று ஒரு கட்சி. ஜோக்கை ஜோக்காகப் பார்க்கத் தெரியாதா என்று ஒரு கட்சி.

இதில் முக்கியமான சேதி இனிமேல்தான். அந்த மாணவரும் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. அவர் போட்டது இரவல் வேஷம் இல்லை. "எங்கப்பா எப்படிப் போய் நின்னாரோ அதத்தான் சார் செஞ்சேன். அதப் பாத்து எனக்கு அழுகதான் வரும். இவங்க சிரிச்சா நான் இன்னா பண்றது?" என்றார். அந்த மாணவியோ, "அவன் அவங்கப்பாவ நெனச்சு நடிச்சான், எனக்குத் தெரியும் சார். ஆனா முன்னால உக்காந்து சிரிச்சவங்க எங்கப்பாவப் பாத்து சிரிச்சாங்க" என்றார்.

இரண்டும் உண்மை. இப்போது யாரைத் தப்பு என்பீர்கள்?

என் கருத்து

நான் பள்ளிக்கூட வாத்தியார். தீர்ப்பு சொல்லிப் பழகிய கை. இருந்தாலும் கருத்து என்று மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, தடை வேண்டாம். தடை போட்டால் நஷ்டம் யாருக்கு? கார், பங்களா, அமெரிக்க விசா பற்றிப் பேசுகிற பிள்ளைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தறி வீட்டுப் பிள்ளைக்குத்தான் மேடையில் சொல்ல ஒன்றுமில்லாமல் போகும். கல்யாணத்தில் புடவை பார்க்கிற அப்பா எந்தச் சினிமாவிலும் வரமாட்டார். அவரைக் கொண்டுவர இந்தப் பிள்ளையால்தான் முடியும்.

இரண்டாவது, நடித்த மாணவருக்கு. தம்பி, உன் இரண்டு பாதியையும் பக்கத்தில் வைத்துப் பார். முதல் பாதியில் உன் அப்பா மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தவராக வருகிறார். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு பெருமையாக உட்கார்ந்திருக்கிற கூட்டத்துக்கு நடுவில், எது அசல், எது போலி என்று அறிந்த ஒரே ஆள் அவர்தான். அங்கே சிரிக்கிறவர் அவரோடு சேர்ந்து சிரிக்கிறார். இரண்டாம் பாதியில் அவருக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் நீ பிடுங்கிக்கொண்டாய். குனிந்த முதுகு மட்டும் மிச்சம். வருமானம் இல்லாதபோது குனிந்த முதுகைப் பார்த்துச் சிரிப்பது சுலபம், அதற்கு நடிகர் தேவையில்லை. அந்தக் காட்சியில் முதலாளிக்கு ஏன் வேஷம் இல்லை? குரல் மட்டும்தானே கொடுத்தாய்? கட்டியக்காரன் அப்படி விடமாட்டான். ராஜாவைத் திரைக்கு முன்னால் இழுத்துக்கொண்டு வந்துவிடுவான். தரகு எவ்வளவு, கூலி எவ்வளவு, கடைக் கண்ணாடிக்குள் போன பிறகு அதே புடவைக்கு என்ன விலைச் சீட்டு என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். நீயும் கேள். அழ வைக்கும் விஷயத்தைச் சிரிக்க வைக்கச் சொல்வது கஷ்டம்தான். கலைவாணர் கிந்தனாருக்குச் செய்தது அதுதானே?

மூன்றாவது, எழுந்து போன மாணவிக்கு. அம்மா, நீ போனதில் தவறில்லை. கைதட்டுவது போல எழுந்து போவதும் ரசிகர் சொல்லும் ஒரு பதில்தான். ஆனால் போனதோடு நிறுத்திவிடாதே. உங்கள் வீட்டில் தறியில் உட்காருவது அப்பா மட்டுமா? பாவு பிரிப்பது யார், தார் சுற்றுவது யார், கோர்வைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நாடா வீசுவது யார்? அம்மாவும் அக்காவும் பண்ணுகிற வேலையைப் பற்றி இந்த ஊரில் ஒருவரும் மேடை ஏறி ஒரு வார்த்தை பேசியதில்லை. நீ ஏறு.

நான்காவது, சிரித்த முன்வரிசைக்கு. அதில் நம் சங்க உறுப்பினர்களும் இருந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நம்மில் பலர் தறி வீட்டிலிருந்தும் களத்துமேட்டிலிருந்தும் வந்து, இப்போது நல்ல சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறோம். கும்பிட்டுப் பின்னால் நடக்கிற முதுகைப் பார்த்து நாம் சிரித்தால், அது நாம் விட்டு வந்த முதுகு இல்லையே என்று உறுதிசெய்துகொள்வதற்காகவும் இருக்கலாம். அதை அவரவர் வீட்டுக்குப் போய் யோசிக்கலாம்.

ஸ்டாண்ட்-அப் மேடைகள் இன்று பெருகிவிட்டன. 2005-இல் விஜய் டி.வி.யில் கலக்கப் போவது யாரு வந்தபோது, தமிழ்நாட்டின் சின்ன ஊர்களிலிருந்து பிள்ளைகள் மேடை ஏறினார்கள். அது ஒரு நல்ல காரியம். பிறகு சென்னையில் டிக்கெட் போட்டு ஏ.சி. அரங்கில் நடக்கிற நிகழ்ச்சிகள் வந்தன. மென்பொருள் வேலையை விட்டு வந்த அலெக்சாண்டர் பாபு போன்றவர்கள் 2019-இல் இணையத் திரையிலும் தமிழில் ஏறிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் டிக்கெட் விலை ஏற ஏற, யாரைப் பற்றிய ஜோக்கோ அவர் அரங்கத்துக்குள் இருக்க மாட்டார். அவர் வாசலில் வண்டி நிறுத்திக் கொடுத்துக்கொண்டிருப்பார். கூத்துக் களத்தில் அந்த வசதி கிடையாது. கிண்டல் செய்யப்பட்டவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார், பதிலுக்குக் குரலும் கொடுப்பார். அந்தப் பயம் கலைஞனுக்கு நல்லது.

ஆகவே சங்கத்திடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த கலை விழாவுக்கு முதல் மூன்று வரிசையை நமக்கு ஒதுக்க வேண்டாம். மாணவர்களின் பெற்றோருக்கு ஒதுக்குங்கள். தறிக்காரர், ஆட்டோக்காரர், கோயில் வாசலில் பூக்கட்டுகிறவர், வயல் வேலைக்காரர் எல்லாரும் வந்து முன்னால் உட்காரட்டும். நாம் பின்னால் நிற்போம். பழக்கம்தானே? அந்த மாணவர் அதே நிகழ்ச்சியை மறுபடி எழுதி நடத்தட்டும். அவர் அப்பா எந்த இடத்தில் சிரிக்கிறார் என்று பார்த்தால், நான் இங்கே இருபது நிமிடம் பேசியதைவிட அவருக்கு அதிகம் புரியும். அந்த மாணவி ஒப்புக்கொண்டால் அவருக்கும் பத்து நிமிடம் கொடுங்கள். விழாச் செலவு போதாது என்று செயலாளர் சொல்லுவார். இருபத்தைந்து பெற்றோருக்குப் போக்குவரத்தும் சாப்பாடும் என் கணக்கில். மீதியை இந்த அரங்கில் இருக்கிற நண்பர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?

கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். மூன்று நாடா, பெரும்பாலும் இரண்டு ஆள். ஒவ்வொரு ஊடையும் ஒன்றோடொன்று பிணைந்து வரவேண்டும். பிணையாமல் விட்டால் கரை தனியாகக் கிழிந்து வந்துவிடும். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முன்வரிசையும் பின்வரிசையும் வேறு நிறமாகவே இருக்கட்டும், பரவாயில்லை. பிணைக்கிற வேலையை மேடையில் நிற்கிறவர் செய்ய வேண்டும்.